மலைச்சாலை மூடிக் கிடந்த நாள்

ஸ்டைன்வோருக்கு நாற்பத்திரண்டு வயதில் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன்னால் வயிற்றில் தங்காமல் போனவை உண்டு. எத்தனை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஊரும் கேட்டதில்லை. குடாவின் கடைசி முனையில் இருக்கும் சின்ன ஊர் அது. மலைச்சாலையில் பனி வழிக்கும் லாரியை இருபது குளிர்காலமாக ஓட்டுகிறவள் என்பதால் அவளைத் தெரியாதவர் அங்கே கிடையாது. சரக்கு லாரிக்காரன் ஒருவன் மூடிய சாலையில் ஏற எத்தனித்தால், ஜன்னலை இறக்கி அவள் போடும் சத்தத்தில் அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

அப்படிப்பட்டவளுக்கு, புருஷனின் அக்கா ராக்னா வந்து நின்ற அன்று மட்டும் வாய் எழவில்லை.

புருஷன் ஹல்பியோர்ன் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். குழந்தை பிறந்து இரண்டு வாரம் கூடவே இருந்துவிட்டு, மிச்ச விடுப்பை வசந்தத்துக்கு வைத்துக்கொண்டு கடலுக்குப் போயிருந்தான். ராக்னா தானே பின்னிய கம்பளிச் சட்டையோடு வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. கைக்குட்டையைச் சட்டைக் கைக்குள் செருகியிருந்தாள்.

"சளியா ராக்னா?"

"சேச்சே, கம்பளி நூல் தூசி. பின்னி முடிக்கிறவரைக்கும் எனக்கு இப்படித்தான். குடு அவளை."

கொடுத்தாள். ராக்னா குழந்தையின் நெற்றியிலும் கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். 'வேண்டாம்' என்ற சொல் ஸ்டைன்வோரின் தொண்டை வரை வந்து நின்றது. அம்மா இல்லாத வீட்டில் ஹல்பியோர்னை வளர்த்தவள் ராக்னா. பிள்ளையைப் பார்க்க வந்தவளை எப்படி எட்டி நில் என்பது? காப்பி போட உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. சாயங்காலம் மூக்கு அடைத்துக்கொண்டது. பால் குடிக்க வாய் வைக்கும், இரண்டு உறிஞ்சு உறிஞ்சும், மூச்சு முட்டி விலகிக்கொண்டு அழும். அழுகை பூனைக்குட்டி கத்துவது போல மெலிசாக இருந்தது. ஊர் நர்ஸ் கொர்மாக்குரைக் கூப்பிட்டாள். முப்பது வயதுக்காரன், அவசரமில்லாமல் பேசுகிறவன். கையைக் கழுவிவிட்டுக் குழந்தையின் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இதுக்கு வாயால மூச்சு விட இன்னும் சரியா வராது. மூக்கு அடைச்சா குடிக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். பால் குடுக்கறதுக்கு முன்னாடி இந்த உப்புத்தண்ணிச் சொட்டை விட்டு, ரப்பர் குமிழால மெதுவா சளியை எடு. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடு. நிமிர்த்தி வச்சுக்கோ. கடையில விக்கற இருமல் மருந்து, தைலம், எதுவும் கிட்டயே வரக்கூடாது."

"எப்ப பயப்படணும்?"

"காய்ச்சல் வந்தா. குடிக்கறது பாதியா குறைஞ்சா. டயப்பர் நனையலன்னா. மூச்சு இழுக்கறப்போ விலாவுக்குக் கீழ குழி விழுந்தா. எது வந்தாலும் யோசிக்காத, என்னைக் கூப்பிடு."

ராக்னா போனில் வேறு வைத்தியம் சொன்னாள். "தள்ளுவண்டியில போட்டு வாசல்ல தூங்க வை. குளிர்காத்து பட்டா மூக்கு தானா விடும். என் மூணும் பனியிலதான் தூங்கிச்சு. ஜலதோஷம் வராத பிள்ளை எங்க இருக்கு?"

"உன் மூணுக்கும் மூணு வாரத்துல வந்துச்சா?" என்றாள் ஸ்டைன்வோர்.

அன்று ராத்திரியே வடகாற்று இறங்கியது. மறுநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே வேலிகூடத் தெரியவில்லை. குழந்தை அழுவதை விட்டிருந்தது. முதலில் அது ஸ்டைன்வோருக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. டயப்பர் காய்ந்து கிடந்தது. மார்பை வாயில் வைத்தால் உதடு அசையவில்லை. சட்டையைத் தூக்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே போய் வந்தது. மூக்குத்துளைகள் விரிந்து விரிந்து சுருங்கின. நடுவே ஒரு தடவை மூச்சு நின்றது. அவள் குலுக்கவும் திரும்ப வந்தது.

கொர்மாக்குர் ஊர் ஆம்புலன்சை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். ஆக்சிஜன் குழாயைக் குழந்தையின் மூக்கருகே பிடித்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனையோடு பேசினான். பிறகு அவளிடம் திரும்பினான். "கொண்டு போகணும். ஹெலிகாப்டர் இந்தக் காத்துல கிளம்பாதுங்கறாங்க. சாலைதான்."

சாலை மூடியிருந்தது. அவளுக்குப் பதில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் பிராந்துர். அவளோடு பல வருஷமாக முறை மாற்றி ஓட்டுகிறவன். அவளே அவனுக்குப் போன் போட்டாள்.

"பிராந்துர், வண்டியை எடு."

"கொர்மாக்குர் சொன்னான். எடுக்க முடியாது. ரெண்டாவது வளைவுக்கு மேல பனி அப்படியே தொங்கிக்கிட்டு இருக்கு. இப்பப் போனா எல்லாரும் பனிக்கடியில போவோம். உனக்கே தெரியும்."

"நீ எடுக்கலன்னா நான் எடுக்கறேன்."

"சாவி என் பாக்கெட்ல இருக்கு. என் எடத்துல நீ இருந்தா என்ன சொல்லுவ?"

"நான் உன் எடத்துல இல்லடா!" என்று கத்திவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தாள்.

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவனை அப்படி வெறுத்தாள். இதே சொற்களை எத்தனையோ பேரிடம் அவள் சொல்லியிருக்கிறாள், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல். அவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று கேட்டதாக ஒரு நினைவும் இல்லை.

இனி காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவளுக்குத் தெரியாத வேலை அது ஒன்றுதான். குழந்தையை மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொர்மாக்குர் பக்கத்தில் மண்டியிட்டு மூச்சை எண்ணினான். அவ்வப்போது எண்ணுவது நின்றுபோகும். உடனே குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டுவான், தேய்ப்பான். மூச்சு திரும்பும். ஒரு தடவை திரும்பத் தாமதித்தது. உதடு நீலம் பாய்ந்தது. "வாடி, வாடி, வாடி," என்று ஸ்டைன்வோர் முனகினாள். கொர்மாக்குர் குழந்தையைப் பிடுங்கி முதுகைத் தேய்த்து, மூக்கிலும் வாயிலும் முகமூடியை வைத்து, அதன் பையை இரண்டு அழுத்து அழுத்திக் காற்று கொடுத்தான். ஒரு சின்னச் செருமல். மறுபடி விலா ஏறி இறங்கியது. கொர்மாக்குரின் நெற்றி வேர்த்திருந்ததை அவள் பார்த்தாள். அவனும் பயந்துதான் இருக்கிறான் என்பது அவளுக்கு ஆறுதலாகவும் திகிலாகவும் இருந்தது.

வாசலில் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜன்னலைத் துடைத்துப் பார்த்தாள். ராக்னா. தலையோடு கம்பளி சுற்றி, ஆம்புலன்சின் சக்கரங்களைச் சுற்றிப் பனியை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தாள். அள்ள அள்ளக் காற்று கொண்டுவந்து கொட்டியது. ஸ்டைன்வோர் கதவை ஒரு சாண் திறந்தாள்.

"உள்ள வராத."

"வரல." ராக்னா நிமிரவில்லை. "சாலை திறந்தா வண்டி மாட்டிக்கக் கூடாதில்ல. நீ கதவைச் சாத்து, குளிர் உள்ள போகுது."

மதியம் கடந்து வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது காற்று திசை மாறி அடங்கியது. போன் அடித்தது. பிராந்துர்தான்.

"பனிச்சரிவு பாக்கறவங்க சரின்னுட்டாங்க. ரொம்ப நேரம் தாங்காது. நான் முன்னாடி போறேன். கொர்மாக்குரை என் பின்விளக்கை விடாம வரச் சொல்லு."

கொர்மாக்குரின் கூட்டாளி ஒருத்தி ஓட்ட, ஆம்புலன்ஸ் கிளம்பியது. ராக்னா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றாள். யாரும் கையசைக்கவில்லை.

மலை ஏறும்போது ஸ்டைன்வோர் பார்த்ததெல்லாம் முன்கண்ணாடி வழியே தெரிந்த பிராந்துரின் லாரியின் மஞ்சள் விளக்கு மட்டுந்தான். எந்த இடத்தில் பிராந்துர் வேகம் குறைப்பான், எங்கே பனி தள்ளும் தகட்டைச் சாய்ப்பான் என்று அவள் உடம்பு முன்கூட்டியே சாய்ந்துகொடுத்தது. இரண்டாவது வளைவில் அவன் குறைக்கவில்லை. தொங்கும் பனிக்கடியில் தாமதிக்கக் கூடாது; அவளாக இருந்தாலும் குறைத்திருக்க மாட்டாள். வளைவைத் தாண்டியபோது கொர்மாக்குர் விட்ட பெருமூச்சு அவள் காதில் விழுந்தது.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருத்தி குழந்தையை வாங்கிக்கொண்டாள். பேரென்ன என்று கேட்டாள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் பேரை வெளியே விடுவதில்லை என்பது ஊர் வழக்கம். அதுவரை எல்லாப் பிள்ளையும் 'குட்டி'தான். ஸ்டைன்வோருக்குத் திடீரென்று அந்த வழக்கம் பொறுக்கவில்லை. பேர் இல்லாமலே போய்விடுமோ என்று பயந்தாள்.

"தோர்கெர்துர்," என்றாள் சத்தமாக. "அவ பேரு தோர்கெர்துர்."

பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாக வந்து போகும் கிருமிதான், பச்சைக் குழந்தையின் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றாள் மருத்துவர். அதற்கென்று மருந்து கிடையாது. ஆக்சிஜன் கொடுத்து, மூக்கு வழியாகக் குழாயில் பால் விட்டு, உடம்பு தானே ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு வாரம் தாங்கிப் பிடித்தார்கள். ஹல்பியோர்ன் கப்பலிலிருந்து விட்டு விட்டுக் கேட்கும் குரலில், "நான் வரட்டுமா?" என்றான்.

"எப்படி? நீந்தியா?" என்று சிரிக்கப் பார்த்தவள் அழுதுவிட்டாள்.

ஒருநாள் ராக்னா கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"என்னாலதான் வந்துச்சுன்னு ஊர்ல பேசிக்கறாங்க."

"ஊர் என்ன பேசுதோ எனக்குத் தெரியாது. நான் அப்படித்தான் நினைக்கறேன்."

"சளின்னு எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு ஸ்டைன்வோர். சொன்னா நீ தூக்கவிட மாட்டியேன்னு..."

"விட்டிருக்க மாட்டேன்," என்றாள் ஸ்டைன்வோர். பிறகு, "எனக்கும்தான் தெரிஞ்சிருந்துச்சு. வாயைத் திறக்கல," என்றாள்.

குழந்தை பிழைத்தது. மெலிந்து, ஆனால் பசித்து அழுகிற பிள்ளையாக வீட்டுக்கு வந்தது. வந்த மறுநாள் ராக்னா வாசற்படிக்குக் கீழே வந்து நின்றாள். கையில் துணி சுற்றிய பாத்திரம்.

"சளி போயிடுச்சு. சத்தியமா. உள்ள வரட்டுமா?"

ஸ்டைன்வோர் அவளைப் பார்த்தாள். மண்வெட்டி பிடித்த கையில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. வா என்று சொல்லத்தான் நினைத்தாள்.

"இன்னிக்கு வேண்டாம் ராக்னா."

ராக்னா தலையை ஆட்டினாள். பாத்திரத்தைப் படியில் வைத்தாள். "மீனும் உருளைக்கிழங்கும். ஆறறதுக்குள்ள சாப்பிடு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஸ்டைன்வோர் அதை உள்ளே எடுத்துவந்து தொட்டிலருகே நின்றபடியே சாப்பிட்டாள். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கை குழந்தையின் நெஞ்சின்மேல். அந்தக் கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.