எல்லோர் வீட்டிலும் அக்காவின் மணி பிளான்ட்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அக்காவின் நல்ல குணங்களைப் பற்றி இந்த நினைவு மலரில் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்தே எழுதுகிறேன். கூடப் பிறந்த தங்கைக்கு அந்த உரிமை உண்டு.

உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்த அக்கா, வாழ்க்கைப்பட்டு வந்தது வண்டி நெரிசல் மிகுந்த காளவாசலுக்கு. கடைகளுக்கு மேலே மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் புகையும் தூசியும் வரும், மூடினால் புழுங்கும். மாமாவுக்கோ வீசிங். செடி வைத்தால் வீட்டுக்குள் காற்று நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, அக்கா ஸ்னேக் பிளான்ட், சோற்றுக்கற்றாழை, மணி பிளான்ட் என்று கூடத்தையே நிரப்பிவிட்டார். காற்று எவ்வளவு சுத்தமானது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இலைகளில் படிந்த தூசியைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தெடுப்பார். நான் போன் செய்தால், "இருடி, இலையத் தொடச்சுட்டு வாரேன்" என்பார். அந்தச் செடிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

மணி பிளான்ட்டைக் கேட்காமல் கிள்ளிக்கொண்டு போனால்தான் தழைக்கும் என்பது நம்மவர்கள் நம்பிக்கை. அதனால் யார் வந்தாலும் அக்கா, "காபி போட்டுட்டு வாரேன்" என்று அடுப்படிக்குப் போய்விடுவார். வந்தவர்கள் ஒரு கிளையைக் கிள்ளிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வார்கள். காபியோடு வரும் அக்கா ஒன்றும் தெரியாதவர் போல இருப்பார். அக்காவின் ஓரகத்தி வீட்டில் அந்தக் கொடி பரணைத் தொட்டுவிட்டது. ஒத்தக்கடையில் என் புது வீட்டில் மட்டும் ஓர் இலைகூட இல்லை. நான் போனால் மாமாதான் காபி போடுவார். அக்கா பொழுது சாயும்வரை என் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உடம்பு முடியாமல் அக்கா படுத்திருந்தபோது கேட்டேவிட்டேன். "அம்புட்டுப் பேருக்கும் அடுப்படிக்குப் போய் வழி விட்டியே, எனக்கு மட்டும் ஏன்க்கா விடல?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வந்தா எந்திரிச்சுப் போக மனசு வரலயேடி."

கடைசி நாட்களில் அக்காவைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய ஓரகத்திக்கும், ஆஸ்பத்திரிக்கு அலைந்த சொந்தங்களுக்கும், காளவாசல் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் கொடியை வாடவிடாமல் வளர்த்து வாருங்கள். எனக்கு அதில் ஒரு கிளையும் வேண்டாம். இனி பொறாமைப்பட வேண்டியவர்கள் நீங்கள்தான்.