உம் கொட்டியவள்

வீட்டில் அவளுக்குத் தந்தி என்று பெயர். அடுக்களையில் அம்மா முணுமுணுத்தது கூடத்தில் இருக்கும் அத்தைக்குப் போய்ச் சேர்வதும், அத்தை கொடுத்த பதிலடி மாடியில் இருக்கும் அண்ணனுக்குப் போய்ச் சேர்வதும் அவள் வழியாகத்தான். ஊடகமும் தகவல் தொடர்பும் படிக்க வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதுல இவளுக்குப் படிக்க என்ன பாக்கி இருக்கு? அவங்கதான் இவகிட்ட வந்து கத்துக்கணும்!"

அந்தத் தந்திக்கு இங்கே கொண்டுபோய்ச் சேர்க்கச் செய்தியும் இல்லை, சேர்க்க ஆளும் இல்லை. பயண ஏற்பாட்டில் நடந்த ஒரு குளறுபடியால் ஒரு வாரம் தாமதமாக வந்து சேர்ந்தாள். அதற்குள் வகுப்பு கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டுவிட்டது. கேட்டால் பதில் சொல்வார்கள், அவள் உள்ளே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், சிரிப்பார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உணவுக்கூடத்தில் அவள் தட்டோடு வந்தால், பக்கத்து நாற்காலியில் யாருடைய பையாவது உட்கார்ந்திருக்கும்.

விடுதிக் கதவில் அட்டையை வைத்தால் பீப் என்று ஒரு சத்தம் வரும். சில நாட்களில் அவளைப் பார்த்து வாய் திறந்தது அந்தக் கதவு மட்டும்தான். பேருந்தில் இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வாள். பாதி மரியாதைக்கு, மீதி தன் குரல் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க.

"சாப்பிட்டியா? கூட யாருடீ சாப்பிட்டா?" என்று அம்மா போனில் கேட்பாள்.

"ஃப்ரெண்ட்ஸ்தான்மா. அஞ்சாறு பேர்."

அந்த அஞ்சாறு பேருக்கு அம்மா பெயர் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று அவள் அவசரமாகப் பேச்சை மாற்றுவாள்.

கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில் மாணவர் வானொலி இருந்தது. பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலைந்து பேர் எப்போதும் எதற்காவது சிரித்துக்கொண்டிருப்பார்கள். சத்தம் வெளியே வராது. அவளுக்கு வானொலிமேல் ஆசையா அந்தச் சிரிப்புமேல் ஆசையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எப்படியாவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

வழியும் திறந்தது. ஒலிப்பதிவு வகுப்பு எடுக்கும் சார் முதல் பயிற்சியாக ஒரு பேட்டி கேட்டார். யாராவது ஒரு சாதாரண உழைப்பாளியைப் பேசவைத்துப் பதிவு செய்து வர வேண்டும். நன்றாகச் செய்தவர்களுக்கு வானொலிக் குழுவில் இடம்.

"ஒரே ஒரு விதி," என்றார் சார். "கேள்வி கேக்க மட்டும்தான் உங்க வாய். அவங்க பேசும்போது தலைய ஆட்டுங்க, கண்ணால கேளுங்க. சத்தம் மட்டும் வரக்கூடாது. ஒருத்தர் குரல் மேல இன்னொருத்தர் குரல் ஏறிட்டா, அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது."

அவள் யாரைத் தேடிப் போவாள்? விடுதித் தெருமுனையில் இருந்த லாண்டரிக்கடை அக்காவைத்தான். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருக்கும் கடை. கேட்டதும் அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரேடியோவுலயா? என் மூஞ்சி தெரியாதுல்ல? அப்ப சரி."

துணி உலர்த்தும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். முதலில் போலீஸ் அதிகாரி கதை. அணிவகுப்புக்கு முந்தின நாள் அவருடைய சீருடையை வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிட்டாராம் அக்கா. "மனுஷன் அதையே மாட்டிக்கிட்டுப் போனாரு. சல்யூட் அடிக்கக் கையத் தூக்கினாரு பாரு, அக்குள்ல டர்ருன்னுச்சு. நான் கூட்டத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கேன். அப்படியே பூமிக்குள்ள போயிடலாமான்னு இருந்துச்சு."

சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்து, அதே மூச்சில் எப்படியோ கணவரிடம் வந்துவிட்டார். வேலை தேடி வேறு ஊருக்குப் போனவர், திரும்பி வரவில்லை. ஒரு சாம்பல்நிற ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போனார்.

"வருஷத்துக்கு ஒருக்கா அதை எடுத்துத் துவைப்பேன். அழுக்கே இருக்காது. போட்டாத்தானே அழுக்காகும்?"

அவள் விடுதிக்குப் பறந்தே வந்தாள். கணினியில் போட்டுக் கேட்டாள். அக்காவின் குரல் மணிமணியாக இருந்தது. அதன்மேல் இன்னொரு குரலும் இருந்தது.

"ம்."

அக்கா ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு "ம்". வெந்நீருக்கு "ம்ம்". அக்குள் கிழிந்ததற்கு "ஐயய்யோ!" கணவர் போனதற்கு நீளமாக, இறங்கி, ஒரு "ம்...".

தலையைத்தான் ஆட்டினோம் என்று சத்தியம் செய்திருப்பாள். கதை என்று ஒருவர் ஆரம்பித்தால் உம் கொட்டாமல் அவளால் எப்படி இருக்க முடியும்? அவள் வீட்டில் உம் கொட்டாதவர்களுக்கு யாரும் கதை சொன்னதே இல்லை. வெட்டி எடுக்கப் பார்த்தாள். "ம்" போன இடத்தில் அக்காவின் சொல்லும் பாதி போயிற்று. சார் சொன்ன பிரம்மா வரவேயில்லை.

மறுநாள் மறுபடி போய் நின்றாள். "மெஷின்ல கோளாறுக்கா, இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கூசாமல் ஒரு பொய். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணால் மட்டும் கேட்டாள். போலீஸ் அதிகாரி வந்தார், சட்டை சுருங்கியது. அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு வரி சொன்னார். மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, கேக்குறியா இல்லியா? செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கே."

அவள் வேகமாகத் தலையாட்டினாள்.

"அவ்வளவுதான்மா. கிழிஞ்சிடுச்சு. வேற என்ன?" என்று அக்கா எழுந்துவிட்டார். ஸ்வெட்டர் வரவேயில்லை.

இப்போது அவள் கையில் இரண்டு பதிவுகள். ஒன்று சுத்தமாக, செத்துக் கிடந்தது. மற்றது உயிரோடு, அழுக்காக இருந்தது. சுத்தமானதைக் கொடுத்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விடலாம் என்று புத்தி சொன்னது. ஆனால் ஸ்வெட்டர் இல்லாமல் அக்காவை எப்படிக் கொடுப்பது? கடைசி நாள்வரை நகத்தைக் கடித்து, அழுக்கானதையே கொடுத்தாள். சாருக்கு மனசு இருக்காதா என்ன, ஸ்வெட்டர் வரும்வரை கேட்டால் போதும் என்று ஒரு நப்பாசை.

வகுப்பில் எல்லோருடைய பதிவிலும் கொஞ்சம் போட்டுக்காட்டினார் சார். அவளுடையது ஓடியது. இரண்டாவது "ம்"முக்கே பின்வரிசையில் ஒருவன் களுக்கென்றான். "ஐயய்யோ!" வந்தபோது வகுப்பே சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள், காது மட்டும் கொதித்தது. சார் பதிவை நிறுத்தினார்.

"குரல் நல்ல குரல்மா, பிடிச்சிட்ட. ஆனா இது பேட்டி இல்ல. ரெண்டு பேரும் உக்காந்து கதையளக்குற மாதிரி இருக்கு. அடுத்த தடவை பாப்போம்."

நிறுத்திய இடத்தில் அதிகாரி இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஸ்வெட்டருக்கு வெகுதூரம் இருந்தது.

அன்று மாலை லாண்டரிக்கடை வாசலை அவள் இரண்டு முறை கடந்து போனாள். மூன்றாவது முறை அக்காவே பிடித்துவிட்டார்.

"என்னம்மா, எப்ப வருது? வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"வராதுக்கா."

"வராதா?"

"என்னாலதான். என் சத்தமும் அதுல விழுந்திடுச்சு. அவங்களுக்கு... அது ஆகாது."

அக்காவின் முகம் ஒரு கணம் வாடியது. மறைக்கவும் அவர் பாடுபடவில்லை. "அடப் போ. அந்தப் பூக்கடைக்காரிகிட்ட வேற பீத்திக்கிட்டேனே," என்றார். பிறகு குவியலிலிருந்து ஒரு பெரிய விரிப்பை உருவினார். "இந்தா, இந்த முனையப் புடி. ஒத்த ஆளா மடிச்சா கோணுது."

அவள் பிடித்தாள். இருவரும் விலகி நின்று உதறினார்கள், கிட்டே வந்து முனைகளைச் சேர்த்தார்கள், மறுபடி விலகினார்கள்.

"அழுதியா?"

"இல்ல."

"மூக்கு செவந்திருக்கு. எதுக்கு இப்படி மாஞ்சு போற? அதுல சேந்தா என்ன தருவாங்க?"

"ஒண்ணும் தர மாட்டாங்க. அங்க எல்லாரும் பேசிக்கிட்டே இருப்பாங்க. அதான்..."

"ம்," என்றார் அக்கா, விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவளுக்கு யாரும் உம் கொட்டியதில்லை.

"எங்க வீட்ல என்னைத் தந்தின்னு கூப்பிடுவாங்க."

"ம்ம்? ஏனாம்?"

சொல்ல ஆரம்பித்தாள். அடுக்களை, அத்தை, மாடி. அத்தைக்குப் போக வேண்டியதை அண்ணனிடம் சொல்லிவிட்டதில் வீடே இரண்டுபட்ட நாளுக்கு வந்தபோது கடைமணி அடித்தது. ஒரு வாடிக்கையாளர், கையில் கோட்டு, அதில் என்னவோ கறை. அக்கா தன் முனையை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார். கறையைப் பற்றி நெடுநேரம் பேச்சு நடந்தது. அக்காவுக்கு எல்லாம் மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே, அவள் தன் இரண்டு முனைகளையும் விடாமல் பிடித்தபடி நின்றாள்.

அக்கா திரும்பி வந்து தன் முனையை எடுத்தார்.

"ம், சொல்லு. உங்கண்ணன்கிட்ட சொல்லித் தொலைச்சிட்ட. அப்புறம்?"