மூக்கு வழியே போன பேச்சு

என் மகளுக்கு ஆறு வயதானபோது அவள் வாய் எந்நேரமும் திறந்தே இருந்தது. மராத்தி பேசும் ஊரான கராடியில் எங்கள் அடுக்ககத்தைச் சுற்றி ஓயாத கட்டட வேலை. தூசியால் வந்த சளி என்றுதான் நானும் கணவரும் நினைத்தோம். பிறகு தூக்கத்தில் குறட்டை வந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கிக் காற்றை அடைக்கிறது, காதிலும் நீர் கோத்திருக்கிறது என்றார். மூக்கில் அடிக்கும் மருந்தைப் பல மாதம் கொடுத்தோம். மழைக்காலத்தில் மூச்சு இன்னும் மோசமானது. சதையை எடுத்துவிடலாம், சின்ன அறுவை சிகிச்சைதான் என்றார். சம்மதித்தோம்.

வீட்டுக்கு வந்த மதியம் அவள் வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். சத்தமே இல்லாததால் பயந்துபோய் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். சீராக ஏறி இறங்கியது. எழுந்ததும் பால் கொடுத்தேன். குடித்ததில் பாதி மூக்கு வழியே வந்து சட்டையில் வழிந்தது. அவள் அழவில்லை. தப்பு செய்துவிட்டவளைப் போல என்னைப் பார்த்தாள்.

சில வாரத்தில் சரியாகிவிடும், பல குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு என்று மருத்துவர் போனில் சொன்னார். பால் வழிவது குறைந்தது. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. ‘ப’ சொல்ல வாய்க்குள் காற்று நிற்க வேண்டும். அவளுக்கு அது மூக்கு வழியே ஓடிவிடும். பல் ‘மல்’ ஆனது. பட்டம் ‘மட்டம்’ ஆனது.

ஒரு மாலை கணவர் வேலை முடிந்து வந்தார். கதவுச் சத்தம் கேட்டு ஓடிப்போனவள், “அம்மா” என்றாள்.

“அம்மா சமையக்கட்டுல இருக்குதுடா கண்ணு.”

அவள் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, அவர் நெஞ்சில் விரலால் குத்தி மறுபடியும் “அம்மா” என்றாள்.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. “அப்பாவையா கூப்புட்ட சாமி?” என்றார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன்.

வேறொரு மருத்துவரிடம் போனோம். டார்ச் அடித்துப் பார்த்தவர் என்னையும் பார்க்கச் சொன்னார். உள்நாக்கு நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. பிறவியிலேயே அண்ணத்தின் தசை உள்ளே ஒட்டவில்லை, மேலே தோல் மூடியிருந்ததால் தெரியவில்லை, அதனால் மூக்குப் பக்கம் சரியாக மூடாத வழியை இத்தனை நாள் வீங்கிய சதைதான் அடைத்திருந்தது என்றார். முன்பே பார்த்திருக்க முடியுமா என்று கேட்டேன். கவனித்துத் தேடினால் தெரிந்திருக்கும் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். முதல் மருத்துவரிடம் கணவர் போய்ச் சண்டை போட்டார். இது அரிதானது என்ற பதிலோடு திரும்பி வந்தார்.

பேச்சுப் பயிற்சி தந்த பெண்ணுக்கு மராத்தியும் இந்தியும்தான் வரும். தமிழ்ச் சொற்களை நானே தேடினேன். பாப்பா, பப்பாளி, அப்பளம். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னால் சரியாக வரும். விட்டால் போய்விடும். பள்ளியில் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டினார்கள். அவள் வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்தினாள்.

பயிற்சி மட்டும் போதாது, அண்ணத்தைத் தைக்க வேண்டும் என்றார்கள். அவளிடம் சொன்னபோது, “எந்திரிச்சா பேச்சு வந்துருமா?” என்று கேட்டாள். எங்களுக்கு மட்டுமே புரியும் அந்தக் குரலில். வரும் என்றேன். கோடை விடுமுறையில் செய்தார்கள்.

ஓரளவு வந்தது. நிதானமாகச் சொன்னால் ‘ப’ ‘ப’வாகவே கேட்கிறது. அவசரப்பட்டால் காற்று நழுவிவிடுகிறது. அதனால் அவள் அவசரப்படுவதே இல்லை, பெரும்பாலும் பேசுவதும் இல்லை. போன வாரம் லிஃப்டில் ஒரு முதியவர் அன்பாக அவள் பெயரைக் கேட்டார். அவள் பெயர் ‘ப’வில்தான் தொடங்குகிறது. அவள் என்னைப் பார்த்தாள். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். எங்கள் மாடி வந்து கதவு திறந்தது. நானே சொன்னேன்.