இரண்டு விரல் அகலத்தில் ஒரு பாக்கெட்

முதல் வாரம் அது கைப்பையில் இருந்தது. ஆடி மாதக் கடைசித் திங்கட்கிழமை பார்சலில் வந்தது. சுண்டுவிரல் நீளம், இரண்டு விரல் பருமன், கறுப்பு உடம்பு, சிவப்பு மூடி. பெப்பர் ஸ்ப்ரே, அழுத்தினால் எதிரே நிற்பவர் கண்ணில் காரத்தைப் பீய்ச்சும் புட்டி. வீட்டு முகவரியைக் கொடுக்காமல், நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் முகவரியைக் கொடுத்து வரவழைத்திருந்தேன்.

வீடு பெரம்பலூரில், வேலை அரியலூரில். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வருபவர்கள் ஆறரை மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் ஐந்தேகால் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு ஒன்பது நிமிட நடை. அதில் நான்கு நிமிடம், மூடிக்கிடக்கும் அரிசி ஆலையின் மதிலை ஒட்டிய சந்து. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு எரிவதில்லை. அந்த நான்கு நிமிடத்தில்தான் ஆடி பிறந்த நாளிலிருந்து ஒருவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தான். முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, என் நடைக்கு ஏற்ற வேகத்தில் வண்டியை உருட்டுவான். சில நாள் ஏதாவது சொல்வான். பல நாள் ஒன்றும் சொல்ல மாட்டான்.

பேருந்து வந்த நேரத்தையும் மழை பெய்த நாளையும் எழுதிவைப்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து உள்ள பழக்கம். அதே நோட்டில், அதே வரியில், அவன் வந்த நாட்களையும் குறித்தேன். மூன்றாம் நாள், நிறுத்தத்து வெளிச்சத்தில் அவன் என்னைத் தாண்டிப் போனபோது, வண்டி எண்ணும் கிடைத்தது.

கணவரிடம் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு பேருந்தில் ஒரு குடிகாரன் செய்த ரகளையை அவரிடம் சொன்னபோது, "இன்னொரு தடவ இந்த மாதிரி எதாச்சும் கேள்விப்பட்டேன், வேலைக்குப் போவ வேணாம், அவ்ளோதான்" என்றார். அவர் கோபக்காரர் அல்ல. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், நிதானமான ஆள். ஆனால் சொன்னதைச் செய்பவர். அந்த வேலையில் எனக்கு அப்போது ஒன்பதாவது வருடம். அதை விட எனக்கு மனமில்லை. ஆகவே அந்தப் புட்டி, சந்தில் வருபவன் கண்ணிலும் படக்கூடாது, வீட்டில் இருப்பவர் கண்ணிலும் படக்கூடாது. என் கைக்கு மட்டும் உடனே கிடைக்க வேண்டும்.

கைப்பையில் வைத்தது தவறு என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது. அன்று பேருந்தில் உட்கார இடமில்லை. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, வழக்கம்போல, நான் கேட்காமலே கையை நீட்டினார்.

"குடும்மா, மடில வச்சுக்கறேன். உனக்கு முன்னாடி எறங்கிட மாட்டேன், பயப்படாத."

கொடுத்தேன். எல்லோரும் கொடுப்பதுதான். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறி என்னை நான்கு வரிசை பின்னால் தள்ளியது. அங்கே ஒருவன் என் இடுப்பில் கையை வைத்தான். என் கை தானாகப் பைக்குப் போனது. பை தோளில் இல்லை. அது நான்கு வரிசைக்கு முன்னால் ஒருவர் மடியில், மல்லிகைப்பூ வாசனையில் இருந்தது. கடைசியில் தோளில் குத்தியிருந்த ஊக்கைத்தான் கழற்ற வேண்டியிருந்தது. அது வேலை செய்தது. ஆனால் ஊக்குக்கு ஆள் ஒரு முழத்துக்குள் வர வேண்டும். சந்தில் வருபவன் ஒரு முழத்துக்குள் வரும்வரை நான் காத்திருக்க விரும்பவில்லை.

அடுத்து இடுப்பு. ஐந்தரை மீட்டர் சேலையில் ஒரு பொருளை வைக்க நிச்சயமான இடம் ஒன்றுகூடக் கிடையாது என்பதை அந்த வாரம்தான் கவனித்தேன். கொசுவத்துக்குப் பக்கத்தில் செருகி, மேலே முந்தானையை இழுத்து விட்டேன். நடக்கும்போது நின்றது. புதன்கிழமை காலை, ஒரு பெரியவருக்கு இரத்தம் எடுக்கக் குனிந்தபோது நழுவி அவர் நாற்காலிக்கு அடியில் உருண்டது. அவர் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"இது என்னம்மா, செண்டா?"

அவர் கட்டைவிரல் சிவப்பு மூடியில் இருந்தது.

"வைங்க! கீழ வைங்கய்யா!"

"நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணும் திங்காம வந்து உக்காந்திருக்கேன். ஒரு செண்டத் தொட்டதுக்கு இந்த வெரட்டா?"

அதற்கடுத்த வாரம் ரவிக்கைக்குள். பெண்கள் மணிபர்ஸ் வைக்கும் இடம்தான். விழவில்லை, யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்தேன், அது கைக்கு வருவதற்குள் ஏழு எண்ண வேண்டியிருந்தது. அதைவிட, அந்த எடுக்கும் காரியத்தை அவன் முன்னால் நின்று செய்ய வேண்டும். அதை நினைத்த உடனே விட்டுவிட்டேன்.

கையிலேயே பிடித்துக்கொண்டும் இரண்டு நாள் நடந்தேன். "கைல என்ன, டார்ச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டான். எதற்கும் தயாராகிக்கொள்ளட்டும் என்று நானே அவனுக்குக் காட்டிக்கொடுத்ததுபோல இருந்தது.

ஆவணி மூன்றாவது ஞாயிறு, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தையல் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். சுடிதாருக்குத் துணி கொடுத்து, வலது பக்கத் தையலில் ஒரு பாக்கெட் வேண்டும் என்றேன்.

"எதுக்குங்க்கா?"

"போனுக்கு."

"எவ்ளோ அகலம்?"

இரண்டு விரலைக் காட்டினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார், பிறகு மேசையில் இருந்த என் போனைப் பார்த்தார்.

"ரெண்டு விரல் அகலத்துல என்ன போனுங்க்கா அது? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க."

சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டுக் கேட்டார்.

"சும்மா வச்சிருக்கறதுக்கா, வெளில எடுக்கறதுக்கா? அத மட்டும் சொல்லுங்க. வச்சிருக்கறதுன்னா உள்ள தச்சு வாய் சின்னதா வுடுவேன். எடுக்கறதுன்னா வாயச் சரிச்சு வெட்டணும்."

"எடுக்கறதுக்கு."

"அப்பச் சரிச்சு வெட்டறேன். துப்பட்டாவ அந்தப் பக்கம் பின் பண்ணாதீங்க, கை சிக்கிக்கும்." அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "மாசத்துக்கு நாலு பேரு கேக்கறாங்க. எல்லாம் போனுக்குத்தான்" என்றார்.

திருமணத்துக்குப் பிறகு சேலையில் மட்டுமே வேலைக்குப் போனவள் நான். கணவர் ஒரு தடவை கேட்டார். "என்ன திடீர்னு சுடிதாரு?"

"பஸ்ல ஏற எறங்கச் சௌகரியம்."

அது பொய் இல்லை. தினமும் குளியலறையில் எடுத்துப் பழகினேன். புரட்டாசி முடிவதற்குள் இரண்டு எண்ணுவதற்குள் கைக்கு வந்தது. துவைக்கப் போடும் முன் மறக்காமல் எடுத்து, அரிசி டின்னுக்குப் பின்னால் வைப்பேன்.

மார்கழி இரண்டாவது புதன். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியிருந்தது. அந்த மாதத்தில் சந்தில் யார் கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. அவன் முன்னால் வந்து வண்டியைக் குறுக்கே நிறுத்தினான்.

"எவ்ளோ நாளுதான் நடப்ப? ஏறு, கொண்டு போயி வுடறேன்."

நான் மதில் பக்கம் விலகினேன். அவன் எட்டித் துப்பட்டாவைப் பிடித்தான். கை பாக்கெட்டுக்குள் போனது, வந்தது, அழுத்தினேன். நான் ஐந்து மாதமாக யோசித்தது அவ்வளவும் எங்கே வைப்பது, எப்படி எடுப்பது என்பது மட்டும்தான். காற்றைப் பற்றி யோசிக்கவில்லை. எதிரே வாடைக்காற்று. பாதி அவன் முகத்துக்குப் போனது, மீதி என்னிடம் திரும்பியது. அவன் கத்துவது கேட்டது, வண்டி விழுவது கேட்டது. நான் மதிலைத் தடவிக்கொண்டே நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பேருந்து ஏழு நிமிடம் தாமதம். நடத்துநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வூட்ல எதாச்சும் துக்கமாம்மா?" என்றார். பூக்கூடை அம்மா எழுந்து இடம் கொடுத்து, தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தார். அன்று நான் ஊசி பிடிக்கவில்லை. கண் கழுவிவிட்டு, சோதனைக் குழாய்களில் பெயர் ஒட்டினேன்.

மாலையில் கணவர் கண்ணைப் பார்த்தார். மறைக்க வழியில்லை. புட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன நாளா?"

"ஆடிலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைக்குப் போவ வேணாம்பீங்க."

"ஆமா. சொல்லுவேன்தான்."

"அதான் சொல்லல."

அவர் புட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இத வச்சுக்கிட்டா போன?"

"ஆமா. நாளைக்கும் போவேன்."

வேலையை விடு என்று அவர் சொல்லும் நேரம் அதுதான் என்று நானும் காத்திருந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் எனக்கு முன்பே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நிறுத்தம்வரை வந்தார்.

அன்று மாலை இருவரும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். நோட்டைக் காட்டினேன். நாள், நேரம், வண்டி எண் எல்லாம் இருந்தது. அங்கிருந்த பெண் அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இவ்ளோ சுத்தமா எழுதியிருக்கீங்க. மொத நாளே வந்திருந்தா, இவ்ளோ எழுத வேண்டியதே இருந்திருக்காதுங்களே."

வண்டி எண்ணை வைத்து இரண்டு நாளில் பிடித்துவிட்டார்கள். அவன் வீடு எங்களுக்கு அடுத்த தெருவுக்கு அடுத்த தெரு. அதற்குப் பிறகு அவன் சந்துக்கு வரவில்லை.

பொங்கல்வரை கணவர் கூடவே நடந்தார். பிறகு கடையில் வேலை அதிகமாகி, ஒரு வெள்ளிக்கிழமை, "இன்னிக்கு ஒரு நாள் நீயே போயிக்கிறியா?" என்றார். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

மாசியில் இன்னொரு சுடிதார் தைக்கக் கொடுக்கப் போனேன். கணவர்தான் வண்டியில் கூட்டிப்போனார். கடை வாசலில், இறங்காமல், ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். தையல்காரப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமல், வழக்கமான முகத்தோடு கேட்டார்.

"பாக்கெட்டு வலது பக்கம்தானேங்க்கா? போனுக்குத்தானே?"

"போனுக்கு இல்லைங்க. பெப்பர் ஸ்ப்ரேக்கு" என்றேன்.

அவர் ஊசியை வாயில் வைத்தபடி வாசலைப் பார்த்தார். கணவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அளவுக்காக நான் கொண்டுவந்திருந்த பழைய சுடிதாரின் பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆழம் பத்தலியே. உக்காந்தா வெளில வந்துடாது?"

"இன்னும் ஒரு விரல் எறக்கிடறேன்ண்ணே" என்று அந்தப் பெண் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டார்.