சி.டி.க்கு வைத்த பொட்டு

எனக்கு மெஷின் என்றால் பயம் கிடையாது. மலாக்காவில், செலண்டார் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை. டிராக்டர், லாரி, தண்ணீர் பம்ப் என்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் பிரித்து மேய்ந்துவிடுவேன். இதை நானாகத்தான் சொல்லிக்கொள்வது வழக்கம். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆலையில் எனக்கு 'இன்ஜினியர் வசந்தன்' என்று ஒரு பெயர் உண்டு. அது கேலி என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆனது.

என் மனைவி பவானேஸ்வரி ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் ரேடியோ சாமான் பொருத்துகிற வேலையில் இருந்தாள். நின்றுகொண்டே செய்கிற வேலை. ஷிப்ட் முடிந்து பஸ் இறங்கி வரும்போது கெண்டைக்காலில் நரம்பெல்லாம் புடைத்திருக்கும். வந்ததும் சுவரோரம் படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வாள். அவளுடைய அம்மா பெத்தம்மாள் காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்.

"எங்கம்மா நடந்து நடந்து சம்பாரிச்சாங்க. நான் நின்னு நின்னு சம்பாரிக்கிறேன். இந்தக் குடும்பத்துல ஒரு பொம்பளயாவது உக்காந்து சம்பாரிக்கணும் லா" என்பாள் காலைத் தேய்த்தபடி.

அதற்காகவே சனிக்கிழமைகளில் ஜாசினில் டைப்பிங் வகுப்புக்குப் போனாள். நானும் சும்மா இருக்கவில்லை. எஸ்டேட் ஆபீசில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து ஹாலில் வைத்தேன். விண்டோஸ் 95 போட்டது. பவானி அதற்குப் பூப்போட்ட துணியில் ஓரம் தைத்து உறை போட்டாள். தினமும் வேலை விட்டு வந்து டைப்பிங் பழகுவாள். தப்பாகத் தட்டினால் எழுத்து சிவப்பாகும். அவளும் ஒவ்வொரு சொல்லுக்கும் சிவப்பா இல்லையா என்று தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். "பேப்பர பாருங்கக்கா, ஸ்கிரீன பாத்தா வேகம் வராது" என்று வகுப்பு நடத்துகிற ஜெயா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். கண் கேட்க மாட்டேன் என்றது.

அப்படி இருக்கும்போதுதான் மலாக்கா டவுனில் லாயர் ஸ்ரீஸ்கந்தராஜா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை காலி என்று தெரிந்து பவானி மனுப் போட்டாள். அங்கே தலைமை கிளார்க் சற்குணம் என்பவர் போன் பண்ணினார். போனை எடுத்தது நான். திங்கட்கிழமை காலை டெஸ்ட், மலாய்க் கடிதம் ஒன்றைப் பார்த்து அடிக்க வேண்டும் என்றார். பேச்சோடு பேச்சாக, "எங்கட ஆபீசில இப்ப எல்லாம் விண்டோஸ் 98" என்றும் சொன்னார். மனுஷர் பெருமைக்குச் சொன்னதை நான் கட்டளையாக எடுத்துக்கொண்டேன்.

"கேட்டியா? டெஸ்ட்டு 98-ல. நீ 95-லயே பழகிட்டுப் போயி அங்க முழிக்கப் போற" என்றேன்.

"எழுத்து இருக்கிற எடம் மாறாதுங்க. டெஸ்ட்டு முடியட்டும், அப்புறம் தொடுங்க."

"மெஷினப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பாசார் மாலாமில், அதான் ராத்திரிச் சந்தையில், 98 சி.டி. வாங்கினேன். சனிக்கிழமை மத்தியானம், பவானி வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், வேலையைத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு மருதமுத்து அண்ணன் வேடிக்கை பார்க்க நாற்காலியோடு வந்துவிட்டார். டேங்கர் லாரி ஓட்டியவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்.

"ஏன் தம்பி, புது எஞ்சினு எறக்குறோம், பூசை போடாம ஸ்டார்ட் பண்ணுவியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆலையில் ஒரு பம்ப் மாற்றினால்கூடச் சந்தனம் குங்குமம் வைக்காமல் சுவிட்சைத் தொடாதவன் நான். இதில் மறந்துவிட்டேனே என்று வெட்கமாகிவிட்டது. உடனே சாமி மாடத்திலிருந்து சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ் எல்லாம் வந்தன. கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு பொட்டு. டிவிக்கு ஒரு பொட்டு. மானிட்டரை நாங்கள் டிவி என்றுதான் சொல்வோம். சக்கரம் இல்லாததால் பெட்டியின் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

அப்புறம் சி.டி. வீட்டுக்குள் புதிதாக வந்திருப்பதே அதுதான், அதற்கு வைக்காமல் எப்படி? ஒரு பக்கம் எழுத்து அச்சடித்திருந்தது. எழுத்து சரஸ்வதி, அதன்மேல் சந்தனத்தை அப்புவது தப்பு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, மறுபக்கம் திருப்பினேன். அது கண்ணாடி மாதிரி பளபளவென்று, பொட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாக ஒன்று வைத்து நடுவில் குங்குமமும் இட்டேன். விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டு, சி.டி.யை உள்ளே தள்ளினேன்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. நீலப் பட்டை நகர நகர மருதமுத்து அண்ணனுக்கு நான் விளக்கம் சொன்னேன். எனக்குத் தெரியாததை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். திடீரென்று பெட்டிக்குள் கரகரவென்று சத்தம். பட்டை நின்றது. சி.டி.யைப் படிக்க முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது. சரி என்று அமுக்கினேன். மறுபடியும் அதே கட்டம். மறுபடியும் அமுக்கினேன்.

"எஞ்சின் சூடாயிருக்கும். ஆஃப் பண்ணி ஆற வுடு" என்றார் அண்ணன்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பட்டென்று பிளக்கைப் பிடுங்கினேன். ஆறவிட்டு மறுபடி போட்டால், 95-உம் இல்லை, 98-உம் இல்லை. கறுத்த திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று மின்னிக்கொண்டிருந்தது.

சி.டி.யை வெளியே எடுத்தேன். என் பொட்டு வட்ட வட்டமாக இழுபட்டுக் கிடந்தது. தட்டு முழுவதும் குங்குமத் தூள். மருதமுத்து அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டில் ஏதோ வேலை இருக்கிறது என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அதோடு நான் விட்டிருக்கலாம். ஃபிட்டர் புத்தி விடுமா? ஆலையில் எது அழுக்கானாலும் தின்னர்தான். ஒரு துணியில் தின்னரை நனைத்து அழுத்தித் துடைத்தேன். குங்குமம் போயிற்று. கூடவே பளபளப்பும் போயிற்று. சி.டி. புரை விழுந்த கண் மாதிரி வெளுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம்.

"என்ன ஆச்சு?" என்றாள் பவானி.

"லோடிங் ஆவுது."

"ஸ்கிரீன் கறுப்பா இருக்கு?"

"98 அப்படித்தான் இருக்கும்."

அவள் எலுமிச்சம்பழங்களைப் பார்த்தாள். என் கையில் இருந்த தின்னர் துணியைப் பார்த்தாள்.

"ரோசாக் பண்ணிட்டீங்களா, கெடுத்துட்டீங்களா?"

துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி எப்படியாவது தப்பித்திருப்பேன். அவள் சுவரோரம் போய் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"நாளன்னிக்கு டெஸ்ட்டு" என்றாள் மெதுவாக. "இது போச்சுன்னா மறுபடி நிக்க வேண்டியதுதான்."

பெட்டியைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு ஜாசினுக்குப் பறந்தேன். கம்ப்யூட்டர் கடையில் கிரில் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. இனித் திங்கட்கிழமைதான் திறப்பார்களாம். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். என் மேல் எனக்கே அவ்வளவு ஆத்திரம் வந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்தால் பவானி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கீபோர்டு. அதன் வயர் மேசைக்குக் கீழே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மலாய்ப் பேப்பர்.

"என்னம்மா பண்ற?"

"டிவிதான செத்துப் போச்சு, விரல் இருக்குல்ல. பெட்டிய வச்சிட்டு வாங்க. நான் அடிக்க அடிக்க நீங்க பேப்பர பாத்து, விட்டது எதுன்னு சொல்லுங்க."

அவள் பேப்பரைப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டினாள். நான் பின்னால் நின்று அவள் விரலையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தேன். தொடக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்தால் எதிரே சுவரில் கேலண்டர்தான். கொஞ்ச நேரத்தில் கழுத்துக்கே அலுத்துவிட்டது போல, நிமிர்வதை நிறுத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமையும் அதே பாடுதான். சோறு வடிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் டக டக டகவென்று தட்டிக்கொண்டே இருந்தாள். என்னை உட்காரச் சொல்லவே இல்லை. மத்தியானத்துக்கு மேல் எனக்குக் கால் கடுத்தது. சொல்ல வாயெடுத்து, அவள் காலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். இடையில் மருதமுத்து அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். எதிலும் மாட்டாத கீபோர்டை ஒருத்தி அடித்துக்கொண்டிருக்கிறாள், புருஷன் பின்னால் பேப்பரோடு நிற்கிறான். மனுஷர் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவளை மலாக்காவுக்கு அழைத்துப் போனேன். ஆபீசில் அவளோடு வேறு சில பெண்களும் வந்திருந்தார்கள். எல்லாரும் சின்ன வயது. கவுன் போட்டு, நகத்துக்குச் சாயம் பூசி, ஏற்கெனவே வேலை கிடைத்துவிட்டது போல இருந்தார்கள். நான் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டேன். பொட்டு எதுவும் வைக்கிறதாக வேண்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்கள் கடிதத்தைப் பார்ப்பதும் ஸ்கிரீனைப் பார்ப்பதுமாகத் தலையை ஆட்டி ஆட்டி அடித்தார்கள். பவானி முறை வந்தது. கடிதத்தில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. இடையில் ஒரு முறைகூட நிற்காமல் அடித்துக்கொண்டே போனாள். சற்குணம் அவள் பின்னால் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்கிரீனையும் கடிதத்தையும் ஒத்துப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லையே?"

"எங்க வீட்டுல ஸ்கிரீன் இல்லீங்க சார்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டேன்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. ஆலையில் போய், பெண்டாட்டிக்கு நான் கொடுத்த பயிற்சி அப்படி என்று சொல்லித் திரிந்தேன். ஸ்கிரீன் பார்க்கிற கெட்ட பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றே கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்தேன் என்று நானே நம்புகிற அளவுக்கு வந்துவிட்டது. ஜாசின் கடைக்காரச் சீனர்தான் அதைக் கெடுத்தார். பெட்டியைப் பிரித்தவர் விரலில் ஒட்டிய சிவப்பைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று மலாயில் கேட்டார். "செம்பாயாங், தவுக்கே" என்றேன் அந்த முதலாளியிடம். பூசை என்று சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் சிரிக்காமல் தலையாட்டிக்கொண்டு, அடுத்த முறை எழுத்து இருக்கிற பக்கத்தில் கும்பிடு என்றார். 95-ஐயே மறுபடி போட்டுத் தரச் சொன்னேன்.

பவானி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் கூப்பிடப் போனேன். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால், லாயர் ஸ்ரீஸ்கந்தராஜாவே எதிரில் வந்தார்.

"நீர்தானே பவானேஸ்வரியின்ட அவர்? உமக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமாமே. எங்கட ஒண்டு காலமையிலிருந்து நிண்டு நிண்டு போகுது. ஒருக்காப் பார்க்கிறீரோ?"

யார் சொன்னார்களோ, என் புகழ் மலாக்கா வரைக்கும் வந்துவிட்டது. நெஞ்சு நிமிர்ந்தது. சட்டைக் கையை மடக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். பவானி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"அவரு ஃபிட்டருங்க சார். லாரி ஏதாச்சும் நின்னு போச்சுன்னா சொல்லுங்க."

மடக்கிய கையை இறக்கிவிட்டேன். லாயர் சிரித்துவிட்டு எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"இருக்கட்டுங்க சார், நான் நிக்கிறேன்" என்றேன்.

அவளுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு காலையும் சின்னப் பிள்ளை மாதிரி ஆட்டிக்கொண்டே அவள் அடித்துக்கொண்டிருந்தாள்.