தேவகிரியின் களஞ்சியக்காரர்

புனேயில் எங்கள் தமிழ்ச் சங்க நாடகத்தில் நான்தான் தேவகிரி மன்னன். முதல் பாதியில் நாடு நாடாக வெல்வேன். பிற்பாதியில் பகைவர் கோட்டையைச் சூழ்ந்த பிறகு, தானியம் என்று ஏற்றி வைத்த மூட்டைகளில் உப்பு இருப்பது தெரியவரும். பட்டினி தாங்காமல் பணிந்துவிடுவேன்.

அந்த மூட்டைகளை ஏற்றும் களஞ்சியக்காரராக நடித்தவர் நெட்டையான மனிதர். மேடையில் கண்ணாடி போடக் கூடாது என்பதால் தடவித் தடவி நடப்பார். ஒத்திகை நாட்களில் டீயைக்கூட நான் குடித்த பிறகே குடிப்பார்.

நாடகம் முடிந்ததும் தட்டு நிறையச் சோற்றோடு வந்து நின்றார்.

"நாடகந்தான் முடிஞ்சிருச்சே சார், நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு. பிரிச்சுப் பாக்காம ஏத்துனவன் நான்ல? சாப்பிடுங்க ராஜா."

அவர் சிரிக்கவில்லை.

பட்டினிக் காட்சிக்குச் சற்று முன்புதான் திரைக்குப் பின்னால் இரண்டு வடாபாவ் தின்றிருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசிப் பருக்கைவரை விழுங்கி முடித்தேன்.

பிறகுதான் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பந்திக்குப் போனார். சோற்று அண்டா காலியாகியிருந்தது; அவருக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தவர் முகத்தில் ஏன் அத்தனை நிம்மதி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.