திட்டு எந்த வழியில் வந்தது

மாட்டு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர்களுக்குத் தெரியும், மாடும் ஆடும் ஒரு வரியில் முடிந்துவிடும். உடம்பில் வெள்ளைத் திட்டு உள்ள குதிரை வந்தால்தான் கை நோகும். எந்தக் காலில் வெள்ளை, எதுவரை, தாய்க்கு உண்டா, தகப்பனுக்கு உண்டா என்று எங்கள் டாக்டருக்கு எல்லாம் வேண்டும். கள்ளக்குறிச்சியில் நான் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது என் மகளுக்கு ஐந்து மாதம். நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி, பிறந்ததிலிருந்தே வெள்ளை. எங்கள் வம்சத்தில் கிடையாது என்று மாமியார் கையைக் கழுவிவிட்டார். பரவிவிடுமோ என்ற பயத்தில் தினமும் நூல் வைத்து அளப்பேன். வெளியே போனால் மை தடவி மறைப்பேன்.

நரை

முதல் வாரமே தப்பு. ஜட்காக்காரர் ஒருவரின் குதிரை பாலாக வெளுத்திருந்தது. கான்வென்ட் கையெழுத்தில் 'பிறவி வெள்ளை' என்று அழகாக எழுதினேன். டாக்டர் அதன் முதுகில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி முடியை விலக்கினார். அடியில் தோல் கறுப்பு. பிறவி வெள்ளை என்றால் தோல் ரோஜா நிறமாக இருக்குமாம். இது கறுப்பாகப் பிறந்து வயதாக ஆக வெளுத்தது. ஜட்காக்காரர் சிரிக்கக்கூட இல்லை. "எம் மாமனாருக்குந்தான் தல பூரா வெளுத்துப்போச்சு. அவரையும் பொறவி வெள்ளைன்னு எழுதுவியாம்மா?"

மறியல் வாரம்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. டாக்டர் திருக்கோவிலூரில் மாட்டிக்கொண்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் வரவில்லை என்பதால் மகளை மடியில் வைத்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தேன். கரியாலூரிலிருந்து மூட்டை சுமக்கும் குதிரையையும் அதன் குட்டியையும் நடத்தியே கூட்டிவந்திருந்தார் ஒரு மலைக்காரர். தாய்க்கு முகமெல்லாம் வெள்ளை, குட்டிக்கு வயிற்றில் மட்டும்.

வேர்வையில் குழந்தையின் மை வழிந்து வெள்ளை தெரிந்துவிட்டது. பிறவித் திட்டு வளராது, பயப்படாதே என்றார் அவர். யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். இரண்டு பக்கமும் யாருக்கும் இல்லை என்றேன். "மொகத்துலயே தேடிக்கினு இருந்தா எப்பிடிம்மா? குதிரை துணி கட்றதில்ல, பாத்துடறோம். மனுசனுக்கு வேட்டிக்குள்ள இன்னா இருக்குதுன்னு யாரு கண்டா?"

முழங்கால்

என் கணவருக்கு முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. சின்ன வயதில் வெந்நீர் கொட்டிய தழும்பு என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் அவரை உட்காரவைத்து ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். தழும்பில் முடி முளைக்காது. இதில் முளைத்திருந்தது, அத்தனையும் வெள்ளை. பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் இதே அளவுதானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பிறகு சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்கு வயித்துல இருக்குது. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

குதிரைக்காரர்களிடம் நூறு கேள்வி கேட்டுவிடுகிறேன், மாமியாரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான் இப்போது எனக்குப் பெரிய வேலை.